வீட்டுத் தோட்டம்: தக்காளிக்கு எவ்வளவு தண்ணீர்?

பங்குனி பிறந்ததும் நாகபுரியில் எங்கள் ரயில்வே குடியிருப்பின் குழாய்களில் நீர் மெலியத் தொடங்கும். குடிக்கவும் குளிக்கவும் போக எஞ்சியதைக் கொல்லையிலுள்ள தக்காளிக்கு வார்க்கலாமா என்ற தர்க்கம் அப்போது வீடுதோறும் எழும்.

தண்ணீரைக் குறைத்தால் பழம் ருசிக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, சென்ற ஆண்டு எட்டு நாள் செடிகளைக் காயவிட்டேன். பிறகு மனம் பொறாமல் வாளி வாளியாக ஊற்றினேன். பழங்கள் வெடித்தன, காய்களின் அடிப்பாகம் கறுத்து அழுகியது. "சிக்கனம் பிடித்து ரசத்துக்கும் வழியில்லாமல் செய்துவிட்டீர்களே!" என்றாள் என் மனைவி. பிழை எங்கே என்பது பின்னரே விளங்கிற்று.

தக்காளிப் பழத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 94 பங்கு நீரே. எஞ்சிய சிறு பங்கில்தான் இனிப்பும் புளிப்பும் சத்தும் அடங்கியுள்ளன. நீர் குறைந்தால் பழம் சிறுக்கும். ஆனால் அச்சிறு பங்கு செறிவுறும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆலைகளுக்குத் தக்காளி பயிரிடுவோர், அறுவடைக்குச் சில வாரங்கள் முன்பே பாசனத்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் இதன் பொருட்டே.

சத்தின் கணக்கு அவ்வளவு எளிதன்று. எடைக்கு எடை வைட்டமின் சி கூடுவது பல சோதனைகளில் காணப்பட்டுள்ளது. எனினும் விளைச்சல் குறைவதால், வீட்டுக்குக் கிடைக்கும் மொத்தச் சத்தும் பெருகும் என்று எண்ணலாகாது. செந்நிறம் தரும் லைகோபீனோ, செடியின் இனத்தையும் வெப்பத்தையும் பொறுத்தது. வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது நன்கு உருவாவதில்லை.

ஆகவே, பூத்துக் காய் பிடித்துப் பருக்கும் வரை நீரைக் குறைக்க வேண்டா. சுண்ணாம்புச் சத்து நீரோடுதான் காய்க்குச் செல்கிறது. அது தடைப்பட்டால் அடி அழுகும். முதற்காய்கள் நிறம் மாறத் தொடங்கிய பின், வழக்கத்தில் நாலில் ஒரு பங்கைக் குறைக்கலாம். வைக்கோலோ சருகோ பரப்பினால் மண்ணில் ஈரம் நிற்கும். நடுப்பகலில் துவண்ட இலை மாலையில் நிமிர்ந்தால் அஞ்ச வேண்டா. விடியற்காலையிலும் துவண்டிருந்தால் உடனே நீர் வார்க்க வேண்டும்.

இவ்வாண்டு அவ்வாறே செய்தேன். நாலு வாளி ஊற்றிய இடத்தில் மூன்றே போதின. மிஞ்சிய ஒரு வாளி சமையலறைக்குப் போயிற்று. பழங்கள் சிறியவைதாம், ஆயினும் ரசத்துக்குப் புளி பாதியே வேண்டியிருந்தது. நீரைக் குறைப்பதில் கேடில்லை. ஒரு நாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்று செடியை அலைக்கழிப்பதிலேதான் கேடு.