தக்காளிக்கு 33 ரூபாய், பாலுக்கு 70 ரூபாய்: விவசாயியின் பங்கு ஏன் இப்படி?

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. நாள் முழுக்க டிவியில் அதே பேச்சுதான். அடுத்த சில வாரங்களில் விலை சரிந்து, பறிக்கிற கூலிக்கே கட்டாத நிலை வந்தபோது அது ஒரு போட்டோவோடு முடிந்துபோன செய்தி.

நாம் தக்காளிக்குக் கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயிக்குப் போய்ச் சேருவது சுமார் 33 ரூபாய் என்கிறது, ரிசர்வ் வங்கி 2024-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை. வெங்காயத்துக்கு 36, உருளைக்கிழங்குக்கு 37. பாலில் இது ஏறக்குறைய 70 ரூபாய்.

"எல்லாம் இடைத்தரகர் கொள்ளை" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் பாலும் சில மணி நேரத்தில் கெட்டுப்போகிற பொருள்தானே? தக்காளியாவது சில நாள் தாங்கும். அப்படியென்றால் அழுகும் தன்மை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

ஒட்டன்சத்திரம் மாதிரி ஒரு காய்கறிச் சந்தையை எடுத்துக்கொள்வோம். விவசாயி பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வரும்போது அன்றைய விலை அவருக்குத் தெரியாது. வந்த பிறகு, 'வேண்டாம்' என்று திருப்பிக்கொண்டு போகவும் முடியாது. வேன் வாடகை, இறக்குக் கூலி, கமிஷன் போக மிஞ்சுவதுதான் அவருக்கு. பல நேரம் நாற்றுக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்தவரே அந்தக் கமிஷன் மண்டிக்காரர்தான். கடன் வாங்கின கடைக்குத்தான் காயைக் கொண்டுபோக வேண்டும், வேறு கடையில் விலை கேட்க வாய் வராது. மண்டிக்காரரைத் திட்டுகிற நாம் ஒன்றை யோசிக்க வேண்டும்: நடவு நேரத்தில், பத்திரம் எதுவும் கேட்காமல் அவருக்குப் பணம் கொடுக்க வேறு யார் இருக்கிறார்கள்?

பால்காரருக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஊரிலேயே சங்கம், காலையும் மாலையும் கொள்முதல், கொழுப்புச் சத்தை அளந்து விலை. பணம் தாமதமாகிறது என்ற புகார் அங்கேயும் உண்டு, ஆனால் இன்று வாங்குவார்களா என்ற பயம் இல்லை.

பருத்தி, மஞ்சள் விவசாயிக்கும் ஒரு வழி இருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1933-லேயே வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்துவிட்டது. அந்த வழியில் வந்த ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் எடை சரியாக இருக்கும், மறைமுக ஏலம் நடக்கும். விலை பிடிக்கலைன்னா கிடங்கில் வைத்து, அதன்மேல் பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொண்டு காத்திருக்கலாம். காய்கறி பெரும்பாலும் இந்த வேலிக்கு வெளியேதான் விற்கிறது. 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை நல்ல திட்டம்தான். ஆனால் பக்கத்து ஊர்க்காரர் நூறு, நூற்றைம்பது கிலோ விற்கத்தான் அது தோதுப்படும். ஒரே நாளில் ஒரு டன் பறிப்பவர் அங்கே உட்கார்ந்து தராசு பிடிக்க முடியாது.

குளிர்பதனக் கிடங்கு கட்டினால் போதும் என்பார்கள். தக்காளியை அதில் மாதக்கணக்கில் வைக்க முடியாது. சாறு ஆலை என்றால் அதற்கேற்ற சதைப்பற்றான ரகம் வேண்டும், சந்தைக்கு வருகிற நாட்டுத் தக்காளியும் ஹைபிரிட்டும் எல்லாமே அதற்குச் சரிப்படாது.

என்னைக் கேட்டால், கட்டடத்துக்கு முன்னால் கடன்தான் வர வேண்டும். தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கம் காய்கறிக்கும் நடவு சமயத்திலேயே, அலையவிடாமல் கடன் கொடுத்தால், விவசாயி நாலு மண்டியில் விலை கேட்கலாம். அடுத்தது தகவல். நாற்று நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் காய் வந்துவிடும். விலை ஏறிய மாதத்தில் எல்லோரும் நடுகிறார்கள், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய்க்கிறது. எந்த வட்டாரத்தில் எத்தனை ஏக்கர் நட்டாச்சு என்ற கணக்கை வேளாண் துறை வாராவாரம் போனுக்கு அனுப்பினால், பத்துப் பேரில் மூன்று பேராவது அந்த முறை கத்தரியோ அவரையோ போடுவார்கள்.