எண்ணெய் நீக்கக் கணிப்புகள்: தோப்பும்படியிலிருந்து ஓர் ஐயம்

தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்திற்கு வரும் ஆழ்கடல் படகுகளில் பல, குமரி மாவட்டத் தூத்தூர் வட்டார மீனவர்களுடையவை. அவற்றின் எஞ்சின் அறைக்கு அடியில் தேங்கும் பில்ஜ் நீரில் டீசல், மசகெண்ணெய், கடல்நீர், கழுவிவிட்ட சோப்பு எல்லாம் கலந்திருக்கும். சோப்பு சேர்ந்துவிட்டால் எண்ணெய் எளிதில் மிதந்து பிரியாது. நுண்துளிகளாக நீருக்குள்ளேயே நின்றுவிடும். 2025 மே 25 அன்று எம்எஸ்சி எல்சா 3 கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியபோது கடலில் கலக்கும் எண்ணெய் குறித்து அனைவரும் பேசினோம். அன்றாடம் தேங்கும் இந்நீரைப் பற்றிப் பேசுவார் குறைவு.

இத்தகைய நீரிலிருந்து எவ்வளவு எண்ணெய் நீங்கும் என்பதை இயந்திரக் கற்றலால் கணிக்கும் கட்டுரைகள் இன்று பெருகியுள்ளன. பிஎச், திரட்டியின் அளவு, மின்னோட்டச் செறிவு, நேரம் ஆகியவற்றைக் கொடுத்தால் ரேண்டம் ஃபாரஸ்ட் போன்ற கணிப்பு மாதிரிகள் நீக்க விழுக்காட்டைச் சொல்லிவிடுகின்றன. என் ஐயம் அந்த விழுக்காட்டின் மீதுதான். லிட்டருக்கு 1000 மி.கி. எண்ணெய் உள்ள நீரில் 95 விழுக்காடு நீங்கினாலும் 50 மி.கி. எஞ்சும். கடலோரத்தில் விடப்படும் கழிவுநீருக்கு நம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் வகுத்த பொது வரம்பு 20 மி.கி. கணிப்பில் இரண்டு விழுக்காட்டுப் பிழை என்பது கட்டுரையில் வெற்றி. இந்நீரிலோ அப்பிழையே 20 மி.கி., அதாவது வரம்பு முழுவதும்.

அடுத்தது, சோதிக்கும் முறை. ஒரே ஆய்வகம், ஒரே நாள், ஒரே டீசல் கலவை. அத்தரவைக் குலுக்கிப் பயிற்சிக்குப் பாதி, சோதனைக்கு மீதி எனப் பிரித்தால் ஆர்-ஸ்கொயர் உயராமல் என்ன செய்யும்? நானும் அவ்வாறே செய்து மகிழ்ந்தவன். ஓர் ஆய்வின் தரவு முழுவதையும் ஒதுக்கிவைத்துச் சோதித்த மாலையில் அம்மகிழ்ச்சி போயிற்று.

கொச்சிக் காயலோ பருவத்துக்குப் பருவம் மாறுவது. தென்மேற்குப் பருவமழையில் ஏறக்குறைய நன்னீர், கோடையில் உப்பு. உப்பு கூடினால் துளிகளுக்கிடையிலான மின்விலக்கம் குறைந்து அவை எளிதில் இணையும். நீரின் மின்கடத்துதிறனும் மாறும். வாலைவடிநீரில் டீசலைக் கலக்கிப் பெற்ற தரவு இதனை எங்ஙனம் அறியும்?

எஞ்சும் எண்ணெயை மி.கி. அளவில், பிழை எல்லையுடன், மாதிரி அதுவரை காணாத நீரில் கணித்துக் காட்டுமாறு மதிப்பாய்வாளர்கள் கேட்கவேண்டும். நெறியாளர்கள் அதற்கு முன்பே கேட்கவேண்டும். நான் ஆடியில் ஒருமுறையும் மாசியில் ஒருமுறையும் படகுகளிலிருந்தே நீர் எடுக்க முடிவுசெய்துள்ளேன். ஆய்வேடு ஓராண்டு தள்ளிப்போகும்; உதவித்தொகை அதற்குமுன் முடிந்துவிடும்.