எங்கே போடப் போகிறாய்?

ஐடியில் வேலை பார்த்துக்கொண்டே சனி ஞாயிறு சோழர் கல்வெட்டு படிக்கக் கிளம்புகிறவரை ‘வரலாற்று ஆர்வலர்’ என்கிறோம். சந்தோஷம். அவரிடம் யாரும் “இதால என்ன பிரயோஜனம்?” என்று கேட்பதில்லை. இரண்டு வருடம் ரிலீஸ், ஆன்-கால் என்று துணிப்பெட்டியைத் திறக்கவே முடியாமல் கிடந்து, இப்போது மறுபடி ஊசி எடுத்திருக்கும் என்னிடம் மட்டும் கேட்கிறார்கள்.

இரவில் முக்கால் மணி நேரம் கிடைக்கிறது. பழைய பாணி ரவிக்கையைக் கையால் தைக்கிறேன். “டெய்லர்கிட்ட அளவு ஜாக்கெட்ட குடுத்தா ரெண்டு நாள்ல வந்துடுமே” என்கிறார்கள். கொஞ்சம் அக்கறை கூடியவர்கள், “இன்ஸ்டால போட்டு விக்கலாமே” என்கிறார்கள்.

டெய்லர் தருவது ஜாக்கெட். எனக்கு வேண்டியது, அதை ஏன் அப்படி வெட்டினார்கள் என்பதற்கு விடை. அம்மாச்சியின் ரவிக்கை ஒன்றை அளந்து காகிதத்தில் வரைந்தேன். டாட் கிடையாது, கொக்கி கிடையாது. எல்லாம் நேர்கோட்டுத் துண்டுகள், துணி வீணாகவே இல்லை. அக்குளில் மட்டும் ஒரு சின்னச் சதுரம் மூலைவாக்கில் வைத்துத் தைத்திருக்கிறது. எதற்கென்று பார்த்தால் புரியாது. தைத்து, போட்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கணும். நெய்த துணி இழை வாக்கில் இழுபடாது, மூலைக்கு மூலை இழுத்தால் கொடுக்கும். கை உயரும்போது அந்தச் சதுரம் விரிகிறது, உடம்புத் துணி மேலே ஏறுவதில்லை. தலைச்சுமை தூக்குகிறவளுக்கு ஏற்ற வெட்டு. முன்பக்க முடிச்சு ஒற்றைக் கையால் அவிழும், இடுப்பில் பிள்ளை இருந்தாலும். உடம்பு பெருத்தால் இளைத்தால் பிரித்துத் தைக்க வேண்டாம். இன்று நாம் போடும் இறுக்கக் கையோடு பஸ் கம்பியைப் பிடிப்பதே பாடு. (யூஸருக்காக யோசிப்பது பற்றி ஆபீஸில் எடுத்த வகுப்புகளில் இதில் பாதிகூட இல்லை.)

“ராஜா ராணி உடைன்னாலும் பரவால்ல, இதெல்லாம் வரலாறாங்க?” என்றார் ஒரு நண்பர், சினிமா பார்த்த உற்சாகத்தில்.

1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு ஓர் ஆணை போட்டது. நாடார் பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், முரட்டுத்துணி சுற்றிக்கொள்ளலாம், மார்பை எப்படி வேண்டுமானாலும் மறைக்கலாம், உயர்சாதிப் பெண்களைப்போல மட்டும் கூடாது. அதற்கு முன்பு பல பத்தாண்டுகள், தோள்சீலை போட்ட பெண்கள் அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. அந்தத் தெருக்களும் சந்தைகளும் பெரும்பாலும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கின்றன. யார் எந்த மாதிரி துணியை எப்படிப் போடுவது என்று ஓர் அரசாங்கம் உட்கார்ந்து வரையறுத்திருக்கிறது. இது வரலாறு இல்லையென்றால் கோயிலுக்கு யார் எத்தனை ஆடு கொடுத்தார் என்பது மட்டும் எப்படி வரலாறு?

துணி மக்கிவிடும், கல் நிற்கும். கல்லில் வெட்டிவைக்க வசதி இருந்தவர்களின் கணக்கை நாம் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறோம். படிக்கட்டும், நானும் படிப்பேன். ஆனால் அது ஆய்வு, இது பொழுதுபோக்கு என்று பிரித்த கத்தரி யாருடையது என்று கேட்பேன்.

விற்பனைக்கு இல்லை. அடுத்தது குப்பாயம். யார் வீட்டுப் பரணிலாவது பழையது கிடந்தால் ஒரு நாள் கொடுங்கள். அளந்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறேன், ஒரு தையலையும் பிரிக்க மாட்டேன்.