கண்ணால் காண்பதும் பொய்யா?

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று பெரியவங்க சொல்லி வைத்தது நம் நன்மைக்காக. இதில் கடைசி பாகத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் வைத்துப் பிழைப்பவர்கள் வீட்டிலும் உண்டு, மேடையிலும் உண்டு, சகோதரிகளே.

1944-ல் 'கேஸ்லைட்' என்று ஓர் ஆங்கிலப் படம் வந்தது. கதாநாயகி இங்கிரிட் பெர்க்மன். புருஷன் சாமான்களைத் தானே ஒளித்து வைத்துவிட்டு, "நீதான் தொலைச்சே, உனக்கு மறதி" என்று பழி போடுவான். ராத்திரியில் பரணில் நகை தேட அவன் விளக்கேற்றும்போது, கீழே இவள் அறையில் கேஸ் விளக்கு மங்கும். போகப் போக, அதுவும் தன் மனப்பிரமையோ என்று பாவம், அவளே பயப்பட ஆரம்பித்துவிடுவாள். இந்த மாதிரிக் கொடுமைக்கு மனநல நிபுணர்கள் சொல்லும் 'கேஸ்லைட்டிங்' என்ற பெயர் இந்தக் கதையிலிருந்து வந்ததுதான்.

இதே வித்தையை ஒரு தேசத்திடமே காட்டினால்? 2017 ஜனவரி 20-ல் டிரம்ப் முதன்முறை அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அன்று காலை 11 மணிக்குள் வாஷிங்டன் மெட்ரோ ரயிலில் 1,93,000 பயணங்கள். 2009-ல் ஒபாமா பதவியேற்ற அன்று அதே நேரத்துக்குள் 5,13,000. போட்டோவிலும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஆனாலும் மறுநாள் அவருடைய பத்திரிகைச் செயலர், இத்தனை பேர் பார்த்த பதவியேற்பு இதுவரை நடந்ததே இல்லை என்று அடித்துச் சொன்னார். அதற்கும் மறுநாள் கெல்லியான் கான்வே என்ற ஆலோசகர், அது பொய்யில்லை, 'மாற்று உண்மை' என்றார்!

இரண்டு போட்டோவையும் காட்டி, எதில் கூட்டம் அதிகம் என்று ஜனங்களிடம் கேட்டார்கள். டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர்களில் 100-க்கு 15 பேர், காலி இடம் தெரிந்த படத்தையே காட்டினார்களாம்.

கூட்டம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று தோன்றும். 2020 தேர்தலில் தோற்றபோதும் ஜெயித்தது நான்தான் என்றார். 60-க்கு மேல் வழக்குகள். ஏறக்குறைய எல்லாம் தோற்றன. 2021 ஜனவரி 6-ல் அதை நம்பினவர்கள் பார்லிமெண்டுக்குள்ளேயே புகுந்து அடித்து நொறுக்கினார்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. ஜெனிஃபர் ஃப்ரைட் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் 1997-ல் எழுதினார்: மாட்டிக்கொண்டவர் முதலில் இல்லை என்பார், பிறகு கேட்டவர் மேல் பாய்வார், கடைசியில் பாதிக்கப்பட்டவன் நானே என்று கண்ணைக் கசக்குவார். நம் வீட்டில் எப்படி? "சம்பளப் பணம் எங்கே?" என்று கேட்டால், "நான் எப்போ வாங்கினேன்? சந்தேகப் பிசாசு! உன்கிட்டே மாட்டிக்கிட்டு நான் படற பாடு!" பணம் போன இடம் மட்டும் வெளியே வராது.

மனுஷனுக்கு மறதி சகஜம். எல்லாரையும் சந்தேகப்பட வேண்டாம். நான் கவனிப்பது ஒன்றுதான்: கேட்ட விஷயத்துக்குப் பதில் வருகிறதா, கேட்டவளின் புத்தியைப் பற்றிப் பேச்சு வருகிறதா? இரண்டாவதுதான் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், நடந்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் போதும். அம்மாவிடமோ, அக்காவிடமோ, நம்பிக்கையான சிநேகிதியிடமோ அதை ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். தேர்தல் சமயத்தில் மேடைப் பேச்சுக்கும் அதே நோட்டில் இடம் இருக்கும்.