ரோதை முனியும் நாமும்

விழா மலரில் கிரேக்க நாட்டுச் சீயசைப் பற்றியோ சூரபன்மனைப் பற்றியோ எழுதினால் அன்பர்கள் உவந்து படிப்பர். ரோதை முனியைப் பற்றி எழுதினால் முகஞ் சுளிப்பாரும் சிலர் உளர். லுணுகலைத் தோட்டப்புறத்திற் பிறந்த நாம் அவரைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

ரோதை என்பது சக்கரம். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். தேயிலைத் தொழிற்சாலையின் சுழலும் இயந்திரங்களுக்குக் காவல் நிற்பவர் ரோதை முனி. மாரியம்மனையும் மாடசாமியையும் முனியாண்டியையும் எம் முன்னோர் தமிழகத்திலிருந்து தம்முடன் கொணர்ந்தனர். ரோதை முனியை எவருங் கொணர்ந்திலர். அவர் இம்மலைநாட்டிலேயே பிறந்தவர். வயலும் வரப்புமே அறிந்திருந்த மக்கள், ஓலமிட்டுச் சுழலும் இரும்பின் முன் கொண்டுவந்து நிறுத்தப்பட்டனர். ஓடும் வார்ப்பட்டையில் துண்டின் நுனி சிக்கினாலும் கை போகும், உயிரும் போகும். அந்த அச்சத்துக்கு அவர்கள் இட்ட பெயரே ரோதை முனி. கத்தி பிடிப்போருக்குக் கவ்வாத்துச் சாமி தோன்றியதும் இவ்வாறே.

இதை அறியாமை என்பார்க்கு ஒன்று கூறுவோம். பண்டை ரோமர் உழுதற்கு ஒரு தேவன், பரம்படித்தற்கு ஒரு தேவன், களை பறித்தற்கு ஒரு தேவன் என்று தொழில்தோறும் தெய்வம் வைத்திருந்தனர். கோதுமையிற் பற்றும் துருநோய்க்கும் ரொபிகஸ் என்றொரு தேவன் உண்டு. ஏப்பிரல் 25 இல் அவனுக்கு நாயைப் பலியிட்டனர். (1869 இல் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களைத் தின்று தீர்த்தபோது, துரைமார் ரொபிகஸை நினைத்தனரோ என்னவோ!) இரண்டாம் உலகப் போரிற் பறந்த ஆங்கிலேய விமானிகள், இயந்திரம் பழுதானால் கிரெம்லின் என்னும் குட்டிப் பூதத்தின் வேலை என்றனர். 1943 இல் அது சிறுவர் நூலாகவும் வந்தது. விமானியின் பூதம் வேடிக்கைக் கதையாம். கொழுந்து அரைப்பவனின் முனி மட்டும் மூடநம்பிக்கையாம்!

எம்மிடமும் குற்றம் உண்டு. விடுதியில் வாழ்ந்த நாளில், உங்கள் ஊர்க் கோயில் யாது என்று பிறவூர் மாணவர் வினவினால் முருகன் கோயில் என்போம். மரத்தடிக் கல்லைச் சொல்ல நா எழாது. அந்த நாணமே இன்று திருப்பணிச் சபைகளில் அமர்ந்திருக்கிறது. கோபுரம் எழுகிறது, சூலமும் கல்லும் மதிலுக்கு வெளியே ஒதுக்கப்படுகின்றன. ஆகம வழிபாட்டை நாம் குறைகூறவில்லை. உயிர்ப்பலியையும் ஆதரிக்கவில்லை. இயந்திரத்துக்குக் காப்புத்தட்டி இடுதல் நிருவாகத்தின் கடன். அதனை முனியின் தலையிற் சுமத்துதலையும் ஏற்கோம். ஆயினும் அந்தக் கல்லை அகற்றுவோர் எதனை அகற்றுகின்றனர் என்பதை அறிந்து அகற்றட்டும். எம் பாட்டன்மாரின் பெயர்கள் தோட்டக் கணக்கேட்டிற் கூலிக்கு நேரே எழுதப்பட்டன. அவர்கள் எதற்கு அஞ்சினர், எதனை வேண்டினர் என்பதை எழுதுவதற்கு அவ்வேட்டில் இடமில்லை. அது கல்லில் இருக்கிறது.

1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. தெய்வங்களுக்குக் கடவுச்சீட்டு இல்லை. கப்பலேறியோர் பலர் விட்டுச்சென்ற தெய்வங்கள் இம்மலைகளில் நிற்கின்றன. அவற்றுட் சிலவற்றுக்கு விளக்கேற்றவும் ஆளில்லை. தொழிற்சாலை மூடப்பட்ட தோட்டங்களிலோ ரோதையே நின்றுவிட்டது.

லயங்களில் இன்னும் சில முதிய தாய்மார் இருக்கின்றனர். எந்த மரத்தடியில் எந்தச் சாமி, எந்த விபத்தின் பின் அங்கு வந்தது என்பதை அவர்கள் சொல்வர். வரும் விடுமுறையில் எம் மாணவர்கள் ஒரு குறிப்பேட்டுடன் அவர்கள்முன் அமர்வார்களாக. அடுத்த மலரில் அதற்கென ஐந்து பக்கங்களை ஒதுக்குமாறு பத்திராசிரியரை இப்பொழுதே வேண்டிக்கொள்கிறோம். அச்சுச் செலவில் எம் பங்கைத் தருவோம்.