வட்டை அகற்றுமுன் எண்ண வேண்டியது

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையிலுள்ள காதங்கியில், தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் 53 மெகாஹெர்ட்ஸ் ராடாரைக் கொண்டு மேல்வானத்துக் காற்றோட்டத்தை அளந்து வருகின்றது. ஒரு நாள் வீசிய காற்று மறுநாள் அவ்வாறே வீசுவதில்லை. ஆகவே, பதிவாகுமுன் கணிப்பொறி நின்றுவிட்டால் அன்றைய அளவீடு மீளாது. இயங்கும் பொறியினின்று வட்டொன்றை அகற்றுவது அற்பக் காரியம் அன்று என்பதற்கு இது ஒன்றே போதும்.

வட்டின் கம்பியைப் பிடுங்க ஒரு நொடி ஆகும். ஆனால், அவ்வட்டைக் குறித்து லினக்ஸின் உட்கருவான கெர்னல் நினைவகத்தில் வைத்துள்ள குறிப்பேடு அந்நொடியிலேயே தேவையற்றதாகிவிடாது. திறந்திருக்கும் கோப்பும், முடிவுறாத எழுத்துக் கோரிக்கையும் அதனைப் பற்றிக்கொண்டிருக்கும். பற்றும்போது எண்ணிக்கை ஒன்று கூடும். விடும்போது ஒன்று குறையும். சுழியம் ஆகுமுன் அந்த இடத்தை விடுவித்தால், வேறொரு பணி அதனைப் பெற்றுக்கொள்ளும். பழைய கோரிக்கை அங்கே எழுதிக் கெடுக்கும், அல்லது பொறியே நின்றுவிடும்.

டிரைவர் எழுதுவோர் பலர் சுழியத்தை மட்டும் நோக்குகின்றனர். அது போதாது. பார்த்த மறுகணமே புதிய கோரிக்கை ஒன்று நுழைந்துவிடலாம். திருமலையில் நடை சாத்துமுன் வரிசையை நிறுத்துவதைப் போல, முதலில் வாயிலை அடைத்தல் வேண்டும். பின்னர் உள்ளிருப்போர் வெளியேறக் காத்திருத்தல் வேண்டும்.

2013இல் கெர்னலில் சேர்ந்த ஒரு முறை இதனை அழகாகச் செய்கின்றது. ஒவ்வொரு செயலகமும் தனித்தனியே கணக்கு வைத்துக்கொள்ளும். ஒன்றில் பற்றி மற்றொன்றில் விடுவதும் உண்டாகையால், தனிக் கணக்கு எதையும் நம்புவதற்கில்லை, கூட்டுத்தொகையே மெய். சாதனம் உழைக்கும் வரை அத்தொகையை எவரும் கேட்பதில்லை. அகற்றும் வேளையில் மட்டும் அனைத்தும் ஒரே எண்ணாகத் திரட்டப்படும்.

குறைக்க மறந்தாலும் ஆபத்தே. 2016 ஜனவரியில், மறைச்சாவிகளைக் காக்கும் கெர்னல் பகுதியில் இத்தகைய பிழை வெளியாயிற்று. 32 இருமங்களையும் கடந்து எண்ணிக்கை மீண்டும் சுழியத்துக்கே திரும்பியது! 2017இல் வந்த 4.11 பதிப்பின் புதிய எண்ணிக்கை வகையோ எல்லையை எட்டியதும் உறைந்து, எச்சரிக்கை விடுக்கும், நினைவகத்தை விடுவிக்காது. சிறிது நினைவகம் வீணாகும் என்பது உண்மையே. எனினும், பொறியை மறுமுறை இயக்கினால் அது திரும்பக் கிடைக்கும். காதங்கியின் காற்று கிடைக்காது.