பதின்மூன்றாம் மாதம்

கனடாவில் அகதிக் குடும்பங்களை ஸ்பொன்சர் செய்கிறவர்களிடையே ‘பதின்மூன்றாம் மாதம்’ என்றொரு பேச்சு உண்டு. 2016இல் ஐந்து பேர் ஒன்றுசேர்ந்தால் வேறு நாட்டில் தவிக்கும் ஒரு குடும்பத்தை இங்கே கூப்பிட முடிந்தது. வாடகை, சாப்பாடு, உடுப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் பன்னிரண்டு மாதத்துக்கு அந்த ஐவர் பொறுப்பு. அதற்கடுத்த மாதம் என்ன நடக்கும் என்பதுதான் எல்லோருக்கும் உள்ளூர இருக்கும் பயம்.

அந்த ஆண்டு ஒரு சிரியாக் குடும்பத்துக்காக எங்கள் ஸ்காபரோத் தெருவில் ஐந்து பேர் சேர்ந்தோம். அவர்கள் வந்திறங்க முன்னரே ஃபிரிட்ஜை நிரப்பிவிட்டோம். எந்த வங்கி, எந்தப் பல் வைத்தியர், பிள்ளைகளுக்கு எந்த நிறத்தில் குளிர் ஜாக்கெட் என்பதுவரை நாங்களே முடிவெடுத்தோம். மூன்றாம் கிழமை அந்தத் தாய் மொழிபெயர்க்க வந்த மாணவியிடம் மெதுவாகச் சொன்னார்: “கடைக்கு நானே போகிறேன்.”

போனார். இரண்டு மணித்தியாலமாக ஆளைக் காணவில்லை. நாங்கள் பதறிப்போனோம். இறங்க வேண்டிய தரிப்பைத் தவறவிட்டு, அடுத்த பஸ் பிடித்து, கை நிறையப் புதினாவும் தக்காளியுமாய் வந்து நின்றார். வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. காசு கொடுக்கிறவர் கைக்கே முடிவும் போய்விடுகிறது. அன்பு மிகுந்தவர்கள்தான் இந்தப் பிழையை அதிகம் விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நாங்களும் விட்டோம்.

அகதிகளை இப்படிக் கூப்பிடுவது இந்த நாட்டுக்குப் புதிய பழக்கமில்லை. 1979, 80இல் வியட்நாம், லாவோஸ், கம்போடியாவிலிருந்து ஏறக்குறைய 60,000 பேர் வந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரைக் கூப்பிட்டவர்கள் தேவாலயச் சபைகளும் அயலவர்களும்தான். அகதிகளுக்கு உதவியதற்காக 1986இல் ஐ.நா.வின் நான்சன் பதக்கம் கனடிய மக்களுக்குக் கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் அலைந்த நம்மவரான ஈழத்தமிழர் 155 பேரை மீனவர்கள் மீட்டார்கள்.

அந்தக் காலத்தில் வந்த எங்களில் அநேகருக்கு ஸ்பொன்சர் குழு கிடையாது. எங்களுக்கு முன்னர் வந்தவர்களின் பேஸ்மன்ற் இருந்தது. எனக்கொரு அண்ணை இருந்தார். ஊரில் பக்கத்து ஒழுங்கைக்காரர். இரவு வேலை முடிந்து நித்திரை கொள்ளாமல் என்னை அலுவலகத்துக்குக் கூட்டிப்போவார். வாசல்வரை எல்லாம் சொல்லித்தருவார். கவுண்டருக்கு முன்னால் மட்டும் வாய் திறக்கமாட்டார். “நீயே கேள். பிழையாய்க் கதைச்சாலும் பரவாயில்லை. நான் பக்கத்திலை நிக்கிறன்.” எனக்கு அப்போது கோபம் வரும். அந்தத் தாய் புதினாவோடு வந்து நின்றபோதுதான் அண்ணையின் மௌனம் எனக்கு முழுசாய் விளங்கியது.

அதன்பிறகு அந்தக் குடும்பத்தைக் கேட்டபின்தான் எதையும் செய்தோம். படிவத்தைத் தகப்பனே நிரப்பினார். ஐந்து நிமிட வேலைக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. பக்கத்தில் இருந்தோம்.

பன்னிரண்டு மாதம் முடிந்தது. பதின்மூன்றாம் மாதம் ஒருநாள் பின்னேரம் தகப்பன் கோல் எடுத்தார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. வீட்டு முதலாளி வாடகையைக் கூட்டிக் கடிதம் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதமே கட்டவேண்டுமாம். ஒன்ராறியோச் சட்டப்படி தொண்ணூறு நாள் முன்னறிவித்தல் தரவேண்டும் என்பதைத் தகப்பன் ஆங்கில வகுப்பில் விசாரித்து அறிந்து, கடிதத்தோடு போய்க் கதைத்துவிட்டும் வந்திருக்கிறார். முதலாளி ஒப்புக்கொண்டாராம்.

அப்படியென்றால் எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

ஒரு சந்தேகமாம். முதலாளியிடம் ‘நைன்ரி’ என்று சொன்னாரா, ‘நைன்ரீன்’ என்று சொன்னாரா என்று வீட்டுக்கு வந்தபின் யோசனையாகிவிட்டதாம்.

அங்கே சொன்னமாதிரியே எனக்கும் ஒருதரம் சொல்லிக் காட்டுங்கள் என்றேன். சொன்னார். சரியாகத்தான் சொல்லியிருந்தார்.